சொந்த மோட்டாரா, வாடகை மோட்டாரா?
மறைமலை நகர்ச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

(விவசாய விளக்க உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதியது)

உழவுக்கு ஒரு ஜோடி மாடு வாங்க எண்ணும் குடியானவர், சந்தைக்குப் புறப்படுமுன் தம் நிலம் எவ்வளவு, வருஷத்தில் எத்தனை நாள் ஏர் பூட்ட வேண்டியிருக்கும், மற்ற நாட்களில் அம்மாடுகளுக்கு வைக்கோலும் பிண்ணாக்கும் எங்கிருந்து வரும் என்பவற்றை மனத்திற்குள்ளேயே கணக்கிட்டுக் கொள்வது வழக்கம். ஒரு காணி மாத்திரம் உடையவர் சொந்த ஏர் கட்டமாட்டார். அயலாரின் ஏரையோ டிராக்டரையோ கூலிக்கு அமர்த்திக் கொள்வார். வேலை செய்யாத நாளிலும் மாடு தின்னும் என்பதை அவருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதே குடியானவர் மோட்டார் கார் வாங்கப் புறப்படும்பொழுது மட்டும் இந்தக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். காரும் வேலையில்லாத நாளில் தின்னுகிறது. அது தின்னும் தீனி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நமது பகுதியில் இதைப் பற்றி விசேஷமாக எழுத வேண்டியதற்குக் காரணமுண்டு. சென்னைக்குத் துணைநகரமாக 1980-ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்தப்பட்ட மறைமலை நகரிலும், அதற்கு மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் கார்த் தொழிற்சாலைகள் வரிசையாக அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், மறைமலை நகரில் ஃபோர்டு 1999-இலும், ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் 2010-இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. ஏரிப் பாசனத்தில் நவரையும் சம்பாவும் பயிரிட்டு வந்த கிராமங்களின் வரப்போரமாகப் புதிய கார்களை ஏற்றிய நீண்ட லாரிகள் இரவும் பகலும் போகின்றன. இவற்றைத் தினந்தோறும் பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு நமக்கும் ஒன்று இருந்தாலென்ன என்ற ஆசை எழுவது இயல்பே. போதாக்குறைக்கு, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் மீதான சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டதும், இதுவே தக்க சமயம் என்று பலர் எண்ணலாயினர்.

கார் வாங்குவது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. நானே ஒன்றை வாங்கி, ஓட்டி, விற்றவன். அந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனது உத்தியோகம் கிராமம் கிராமமாகச் சென்று விதை, எரு, பூச்சி மருந்து முதலியவை பற்றி எடுத்துரைப்பது. வெகுகாலம் மோட்டார் சைக்கிளிலேயே சென்று வந்தேன். 2018-இல், மழையிலும் வெயிலிலும் அலைவது உடம்புக்கு ஆகவில்லை என்று வீட்டார் வற்புறுத்தியதன் பேரில், 5,60,000 ரூபாய்க்குப் புதிய சிறிய கார் ஒன்றைக் கடனில் வாங்கினேன். வயலில் நாற்று நட்ட தேதி, களை எடுத்த தேதி இவற்றைக் குறித்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டாகையால், காருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஓடிய தூரத்தையும் கொடுத்த காசையும் விடாமல் எழுதி வந்தேன். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. விவசாய வேலை நிற்கவில்லை. நானும் பழைய மோட்டார் சைக்கிளையே எடுத்துக் கொண்டு போனேன். வைக்கோற்போருக்கு அருகில் கொட்டகையில் நின்ற காரில் எலி புகுந்து ஒயர்களைக் கடித்துவிட்டது, பாட்டரியும் செத்தது. கிராமத்தில் கார் வைத்திருப்போர் எலியையும் குடும்பத்தில் ஒரு நபராகச் சேர்த்துச் செலவு எழுதிக் கொள்வது நலம்! 2021-இல் 3,60,000 ரூபாய்க்கு விற்றேன். மூன்று ஆண்டுகளில் ஓடியது 11,200 கிலோமீட்டர். பெட்ரோல், பழுது, வட்டி, இன்ஷூரன்ஸ் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, விலையில் குறைந்த 2,00,000 ரூபாயை மட்டும் ஓடிய தூரத்தால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 ரூபாய் ஆகிறது. அந்தக் காசில் சாரதி ஓட்ட நான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தே போய் வந்திருக்கலாம் என்பது நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்த இரவில்தான் எனக்கு விளங்கிற்று.

இனி, இன்று ஒரு விவசாயி புதிய கார் வாங்குவதாக வைத்துக் கொண்டு, கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறுபடுமாகையால், கீழே கண்டவற்றை உதாரணமாக மாத்திரம் கொண்டு, அவரவர் விசாரித்த தொகையைப் போட்டுக் கொள்ள வேண்டுகிறேன்.

காரின் விலை 6,50,000 ரூபாய் என்போம். நமது மாநிலத்தில் 2023 நவம்பர் முதல் அமலிலுள்ள விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி நூற்றுக்கு 13. அதாவது 84,500 ரூபாய். இது விற்கும்பொழுது நமக்குத் தனியே திரும்பி வரும் பணமன்று. காரின் மதிப்பு எவ்விதம் குறைகிறது என்பதற்கு யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பின்பற்றும் அட்டவணையே இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 5, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று மதிப்பைக் கழித்துவிடுகின்றனர். எனவே ஐந்தாம் ஆண்டு முடிவில் 6,50,000 ரூபாய்க் கார் 3,25,000 ரூபாய்ச் சொத்தாகி நிற்கிறது. போன பாதி விலையும் வரியும் சேர்ந்து 4,09,500 ரூபாய். ஆண்டொன்றுக்கு 81,900 ரூபாய்.

இதற்கடுத்தது வட்டி. கடன் வாங்கினவர் வட்டி கட்டுவது அவருக்கே தெரியும். கைப்பணம் போட்டவர் தமக்கு வட்டியில்லை என்று நினைக்கிறார். அதே பணத்தைக் கூட்டுறவு பாங்கியில் போட்டிருந்தாலும், கிணற்றை ஆழப்படுத்தியிருந்தாலும், அது சும்மா இருந்திராது. ஐந்தாண்டுகளிலும் சராசரியாகக் காரில் முடங்கிக் கிடக்கும் தொகை 5,30,000 ரூபாய் அளவு. நூற்றுக்கு 8 வீதம் ஆண்டுக்குச் சுமார் 42,000 ரூபாய். இன்ஷூரன்ஸுக்கு 15,000, ஓடினாலும் ஓடாவிட்டாலும் செய்தே தீர வேண்டிய பராமரிப்புக்கு 8,000. ஆக நின்ற இடத்தில் நிற்கும் செலவு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,47,000 ரூபாய். நாளொன்றுக்கு 400 ரூபாய். பொழுது விடிந்தால் 400 ரூபாய்த் தீனி கேட்கும் ஒரு ஜீவனைத் தொழுவத்தில் கட்டியிருப்பதற்கு இது சமானம்.

ஓட்டும் செலவு இதற்கு மேற்பட்டது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு ஆகிறது. டயர், எண்ணெய், தேய்மானப் பழுது இவற்றுக்கு 1 ரூபாய் 30 காசு சேர்த்து, 8 ரூபாய் எனலாம். கார் வைத்திருப்பவர்களிற் பெரும்பாலோர் "செங்கற்பட்டுக்குப் போய்வர 200 ரூபாய்ப் பெட்ரோல்தான், வாடகைக்காரன் 600 கேட்கிறான்" என்று சொல்லுவது இந்த ஒரு இனத்தை மட்டும் பார்த்தே. 400 ரூபாய்த் தீனியை அவர்கள் எந்தப் பயணத்தின் பேரிலும் எழுதுவதில்லை.

வாடகைக் காருக்குச் சாரதி படி, காத்திருக்கும் கூலி, குறைந்தபட்சத் தூரம் இவற்றையெல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று தாராளமாகவே போடுவோம். சொந்தக் காரில் 8 ரூபாய். வித்தியாசம் 12 ரூபாய். 1,47,000-ஐ 12-ஆல் வகுத்தால் 12,250 வருகிறது. அதாவது ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், மெய்யாகவே ஓடுகிறவருக்குத்தான் புதிய கார் வாடகைக் காரைவிட மலிவு.

நம்மில் ஒருவர் எவ்வளவு ஓடுகிறார்? மறைமலை நகருக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து செங்கற்பட்டுக் கலெக்டர் கச்சேரி, பாங்கி முதலிய வேலைகளுக்கு வாரம் இருமுறை போவதாகக் கொண்டால், போக வர 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 3,000. கோயம்பேட்டுக்கோ கிண்டிக்கோ மாதம் இருமுறை, 90 கிலோமீட்டர் வீதம், 2,160. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், உரக்கடை, விதைக் கிடங்கு, பம்புசெட்டுப் பழுது என்று மற்றவை ஆயிரத்துக்குள். எல்லாம் சேர்ந்தும் 6,000 கிலோமீட்டர் ஆவதே அரிது. இந்த 6,000 கிலோமீட்டருக்குச் சொந்தப் புதுக்காரில் 1,95,000 ரூபாய் ஆகும்; வாடகைக் காரில் 1,20,000 ரூபாய். ஆண்டுதோறும் மிஞ்சும் 75,000 ரூபாய் ஒரு நல்ல கறவைப் பசுவின் விலையாகும்.

கலியாணம், கோயில், உறவினர் வீடு ஆகியவற்றுக்குப் போகும் தூரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்ப்பவர் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் அதற்குத் தொழிற்செலவு என்று பெயர் வைக்கலாகாது. இவ்விடத்தில் இன்னொரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். கடை வைத்திருக்கும் உறவினர், "கார் வாங்கினால் வருமான வரியில் குறையும்" என்று சொல்லுவது உண்டு. வியாபாரிக்கு அது சரி. தொழிலுக்குப் பயன்படும் காரின் தேய்மானத்தை அவர் தம் வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே இல்லையாதலால், விவசாயிக்குக் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. கடைக்காரருடைய கணக்கு நமக்குப் பொருந்தாது.

மேற்கண்ட கணக்கில் ஒரு குறை உண்டு. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். புதுக் காரைப் பற்றியே பேசினேன். நாலைந்தாண்டு ஓடிய நல்ல காரை 3,00,000 ரூபாய்க்கு வாங்கினால், அதன் விலையின் பெரும் வீழ்ச்சியை முதற் சொந்தக்காரர் ஏற்றுக் கொண்டுவிட்டிருப்பார். ஆண்டுக்கு மதிப்புக் குறைவு 30,000, வட்டி 20,000, இன்ஷூரன்ஸ் 8,000, எதிர்பாராப் பழுது 15,000 என்று போட்டாலும், நிற்கும் செலவு 73,000 தான். ஓட்டும் செலவைக் கிலோமீட்டருக்கு 9 ரூபாயாக உயர்த்திக் கொண்டால், வித்தியாசம் 11 ரூபாய். சுமார் 6,600 கிலோமீட்டரிலேயே சொந்தக் கார் சமமாகிவிடுகிறது. ஆகவே 6,000-த்துக்கும் 7,000-த்துக்கும் இடையில் ஓடுகிறவர் கார் வாங்கியே தீர வேண்டுமென்றால், பழைய காராகப் பார்ப்பது புத்திசாலித்தனம். அவ்விதம் வாங்குகையில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், பதிவுப் புத்தகத்தில் பாங்கிக் கடன் பாக்கி குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும், பெயர் மாற்றத்தைத் தாமதமின்றி முடிப்பதும் அவசியம். மாட்டுக்குப் பல் பார்க்கிற நாம் காருக்கு வெறும் வர்ணத்தைப் பார்த்து ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

பணத்தால் அளக்க முடியாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல் வாடகைக் காரைக் கூப்பிட்டால், "இதோ" என்பார்கள், வரமாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிக்கரைப் பாதைக்கு வாடகைச் சாரதிகள் வண்டியை இறக்கச் சம்மதிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் நோயாளியோ, நடக்க முடியாத முதியவரோ, பிரசவத்தை எதிர்நோக்கும் பெண்ணோ இருந்தால், நான் போட்ட பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்க் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம். 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனாலும் மனத்தைரியம் என்று ஒன்று உண்டு. அப்படி வாங்குகிறவர், நாளொன்றுக்கு 400 ரூபாய் அந்தத் தைரியத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கட்டும்.

இதற்கு நேர்மாறான விஷயம், தானே ஓட்டுவதில் உள்ள களைப்பு. இரவு நீர்முறை வந்து மடை திருப்பிவிட்டு, விடியற்காலை இரண்டு மணி நேரம் உறங்கி, ஏழு மணிக்குப் பட்டணத்துக்குக் கார் ஓட்டிச் செல்லும் விவசாயிகள் நம்மிடையே இருக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன; இந்தியாவின் எந்த மாநிலத்திலும் அவ்வளவு விபத்துகள் பதிவாகவில்லை. நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டால், மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையுள்ள நேரத்தில்தான் விபத்துகள் மிகுதி. பட்டணத்து வேலையை முடித்துக் கொண்டு, தாம்பரம், வண்டலூர் நெரிசலைத் தாண்டி, களைத்த கண்ணோடு ஊர் திரும்பும் நேரமும் அதுவே. ஒருவராகவே போகிற நாளில் காரை மறந்துவிட்டு ரயிலில் போகலாம். மறைமலை நகரிலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் மின்சார ரயில் நிற்கிறது. செங்கற்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ அதில் போய்வரும் செலவு, காரை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கும் செலவுக்குக் கூட வராது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்த பின்னர், தென் ஜில்லாக்களுக்குப் போகிறவர்களும் கோயம்பேடு வரை ஓட வேண்டியதில்லை.

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையை நான் எழுதியதற்கு முக்கிய காரணமாகும்.

"கார் சும்மா நின்றால்தானே நஷ்டம்? தொழிற்சாலைக்கு வாடகைக்கு விட்டுவிட்டால் அதுவே கடனை அடைத்துவிடாதா?" என்ற எண்ணம் இப்பகுதியில் பரவியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடல் காரை வாங்கிய விவசாயிகள், அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் பயன்படுத்தினார்கள். நிற்கும் வண்டிக்கு வேலை கொடுக்கும் ஆசை அன்றே இருந்தது. ஆனால் நமது ஊரில் அந்த ஆசை சட்டத்தின் மேல் போய் மோதுகிறது.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துள்ளது வாடகைக்குச் சாரதியோடு ஓடுவது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ளது வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிச் செல்வதற்கு உரியது. இம்மூன்றாவது வகைத் தொழிலை நடத்த, 1989-ஆம் ஆண்டின் வாடகைக் கார்த் திட்டப்படி, குறைந்தது 50 வண்டிகளாவது வைத்திருந்து லைசென்ஸ் பெற்றாக வேண்டும். ஒற்றைக் கார் வைத்திருப்பவர் அதைத் தெரிந்தவருக்கு நாள் வாடகைக்குக் கொடுப்பது இத்திட்டத்தில் எங்கும் அடங்காது. பெர்மிட் இல்லாமல் வெள்ளைப் பலகைக் காரைக் கூலிக்கு ஓட்டினால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 192-ஏ பிரிவின்படி, முதற்குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது.

அபராதம் சிறிய சங்கதி. இன்ஷூரன்ஸ்தான் பெரிய சங்கதி. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமத்தில், நான்கு ஏக்கர் நிலமுடைய விவசாயி ஒருவர், மனைவியின் நகைகளை அடகு வைத்துக் கார் வாங்கினார். தொழிற்சாலைச் சிப்பந்திகளை ஏற்றிச் செல்ல வண்டி அமர்த்தித் தரும் கான்டிராக்டர் ஒருவர், "வெள்ளைப் பலகையாகவே இருக்கட்டும், யார் கேட்கிறார்கள்" என்று சொல்லி, மாத வாடகை பேசினார். ஏழு மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. எட்டாம் மாதம் ஒரு மாலையில் ஒரகடத்துக்கு அருகில் லாரியோடு மோதிக் காரின் முன்பாகம் நொறுங்கியது. தெய்வாதீனமாக உயிருக்கு ஆபத்தில்லை. விசாரிக்க வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர், உள்ளே இருந்தவர்கள் கூலிப் பிரயாணிகள் என்பதை எழுதிக் கொண்டு போனார். சொந்த உபயோகம் என்று சொல்லி எடுத்த பாலிசியில் கூலிக்கு ஓட்டியதால், கார்ப் பழுதுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. எதிராளிக்குக் காயம் பட்டிருந்தால், அந்த நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டுப் பின்னர் காரின் சொந்தக்காரரிடமே வசூலிக்கும்படி கோர்ட்டு உத்தரவிடவும் கூடும். கான்டிராக்டர் மறுநாளே வேறு வண்டி வைத்துக் கொண்டார். எழுத்துமூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. பழுதுபார்க்க 1,80,000 ரூபாய். நகை ஏலத்துக்குப் போகாமலிருக்க, இரண்டு ஏக்கரை முன்பணம் வாங்கிக் கொண்டு மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டார். தம் சொந்த நிலத்தில் வேறொருவர் நவரை நடுவதைக் கரைமேல் நின்று பார்த்துக் கொண்டிருந்த அவரிடம், பயிரைப் பற்றி நான் என்ன யோசனை சொல்ல முடியும்?

வாடகைக்கு விடுவதே தொழில் என்று துணிகிறவர், முறைப்படி மஞ்சள் பலகைக்கு மாற்றிப் பெர்மிட்டும், தகுதிச் சான்றும், அதற்குரிய இன்ஷூரன்ஸும் எடுத்து நடத்தட்டும். தகுதிச் சான்றை முதல் எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சாரதி லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் முறைப்படி நடத்தினாலும், ஒரே தொழிற்சாலையின் வாடகையை நம்பிக் கடன் வாங்குவது ஒரே மடையை நம்பி நாற்று விடுவது போன்றதே. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையை விடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிடப் போவதாக அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. தொழிற்சாலைக்குள் வேலை பார்த்தவர்களுக்காவது பேசுவதற்குச் சங்கமும், பெறுவதற்கு ஓர் ஈட்டுத்தொகையும் இருந்தன. வெளியே நின்று ஆளேற்றிய காருக்கும் வேனுக்கும் அப்படி எதுவும் இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து கொண்டிருந்தது. அத்தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்த எண்ணியிருப்பதாக அக்கம்பெனி 2024-இல் தெரிவித்திருக்கிறது. நல்லதே, ஆனால் அந்தச் செய்தியின் பேரில் இப்பொழுதே கார் முன்பதிவு செய்ய வேண்டாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இரண்டு வார்த்தை. அரசாங்கப் பிரயாணப் படியைக் கொண்டு கார்த் தவணை கட்டிவிடலாம் என்று எண்ணிக் கடன் வாங்குவது வேண்டாம். படி என்பது போய்வந்த செலவுக்கு. நின்று தேய்வதற்கு அல்ல. அதைவிட முக்கியமானது, ஸ்தலத் தணிக்கைக்கு மனுதாரரின் காரிலேயே ஏறிச் செல்லும் வழக்கம். அன்று அந்த உத்தியோகஸ்தர் நியாயமாகவே எழுதினாலும், எதிர்வழக்காடும் பங்காளி வரப்பில் நின்று, அவர் எந்த வண்டியிலிருந்து இறங்கினார் என்பதைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்.

சில கிராமங்களில் நான் கண்ட ஏற்பாடு ஒன்று பிறருக்கும் உதவலாம். ஐந்தாறு விவசாயிகள் கூடி, மஞ்சள் பலகைக் கார் வைத்திருக்கும் உள்ளூர்ச் சாரதி ஒருவருடன், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் செங்கற்பட்டு, மாதத்தில் இரு நாள் பட்டணம் என்று முன்னதாகவே பேசி வைத்துக் கொள்கிறார்கள். வாடகையைப் போகிறவர்கள் பகிர்ந்து கொள்வதால் ஆளுக்கு ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. சாரதிக்கு நிச்சயமான வருமானம் இருப்பதால், இரவில் அவசரமென்றால் அவர் எழுந்து வருகிறார். இதில் நிகழக்கூடிய சச்சரவெல்லாம், யாருடைய வேலை முதலில் என்பதும், யாருக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள் என்பதும்தான். ஒரு கிராமத்தில் இதற்காகவே பேச்சுவார்த்தை நின்று, இரண்டு கார்களாகப் பிரிந்து போனதும் உண்டு. வாடகை பேசும்பொழுது, கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும், காத்திருக்கும் கூலி எத்தனை மணி நேரத்துக்கு மேல், பரனூர்ச் சுங்கம் யார் பொறுப்பு, வெளியூருக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு என்பவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. பலர் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். 160 கிலோமீட்டர் போய் வந்து 250-க்குப் பணம் கொடுத்த பிறகு சண்டையிட்டுப் பயனில்லை. சொந்தக் கார் வைத்திருந்து பரனூரை அடிக்கடி தாண்டுவோர், 2025 ஆகஸ்டு 15 முதல் தனியார் கார்களுக்கு மட்டும் வழங்கப்படும் ஆண்டுச் சீட்டைப் பற்றி யோசிக்கலாம். ஓராண்டு அல்லது 200 முறை, எது முன்னதோ அதுவரை அது செல்லும்.

வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் ஐயமுள்ளவர், ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு மாதத்துக்குத் தாம் செய்யும் ஒவ்வொரு பிரயாணத்தையும் எழுதி வருவாராக. தேதி, போன இடம், கிலோமீட்டர், எதில் போனோம், என்ன கொடுத்தோம், வேலை முடிந்ததா என ஆறு பத்திகள் போதும். இந்த ஆறு மாதத்தில் ஒரு நடவுக் காலமும் ஓர் அறுவடைக் காலமும் சேரும்படி தொடங்க வேண்டும். ஏனெனில் நமது அலைச்சல் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. நோட்டை எழுதி முடித்தவர்கள், நான் கிராமத்துக்கு வரும் முறைநாளில் அதைக் கொண்டுவந்தால், மண் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பது போலவே அதையும் உட்கார்ந்து பார்த்துக் கூட்டித் தருகிறேன். என்னுடைய பழைய நோட்டும் பையில் இருக்கும்.